ஏழு கேள்விக்கும் இல்லை என்று சொன்னவன்

நான் லொறிக்காரன். விசுவமடுவிலிருந்து நெல்லும் வெங்காயமும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு ஏ-ஒன்பது வீதியில் மேலும் கீழுமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறேன். அதில் பாதி சண்டைக் காலம். அப்போது வீதியில் கிலோமீற்றரை எண்ணுவதில்லை, சோதனைச்சாவடியைத்தான் எண்ணுவோம். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, பயண அனுமதிப் பாஸ் காட்டி, சாமானை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். எங்கே போகிறாய், என்ன கொண்டுபோகிறாய், வேறு ஏதும் இருக்கிறதா? கேட்கிற ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது.

தொடக்கத்தில் ஒருமுறை உண்மையைச் சொன்னேன். சீற்றுக்குக் கீழே ரோர்ச் லைற்றுக்குப் போடுகிற பற்றறி நாலு கிடக்கிறது என்று நானே வாயைத் திறந்தேன். பற்றறி தடைசெய்த சாமான், லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஏற்றியிருந்தது தக்காளி. மூன்றாம் நாள் அது லொறியின் இடுக்குகளால் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் படித்ததுதான்: கேட்டதற்கு மட்டும் மறுமொழி, அதுவும் இயன்றவரை ‘இல்லை’. அந்தப் படிப்பு என்னை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியது. ஒரேயொரு இடத்தில்தான் கொல்லப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது நான் பதறவில்லை. லொறிக்காரனுக்கு மூலம் வராவிட்டால்தான் அதிசயம். சீற்றுச் சூடு என்று எனக்கு நானே டொக்டரானேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், கருணைக்கிழங்கு அவித்துத் தின்றேன். ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. களிசான் இடுப்பில் நிற்காமல் போக, ஆணியொன்றைச் சுட்டு பெல்ற்றில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். அலுமாரிக் கதவில் தொங்கிய அந்தப் பெல்ற்றை என் மனைவி புவனம் ஒருநாள் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இது என்ன?”

“ஓட்டை.”

“ஓட்டை எண்டு எனக்கும் தெரியும். ஏன் போட்டனீங்கள்?”

“பெல்ற் இளகிப் போச்சு.”

“பெல்ற் இளகேல்லை. நீங்கள்தான் உருகிப் போனியள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ.”

வெளிக்கிட்டேன். முதலில் இரத்தப் பரிசோதனை. இருக்க வேண்டிய இரத்தத்தில் பாதிதான் இருக்கிறது, இவ்வளவு நாளும் எப்படி ஸ்ரேறிங் பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். பிறகு வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கமராச் சோதனை. பின்வழியால் ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் திரையில் பார்ப்பார்கள். பலர் அதற்குப் பயப்படுகிறார்கள். நான் சொல்கிறேன், சோதனை ஒன்றுமேயில்லை, மயக்கத்தில் முடிந்துவிடும். அதற்கு முதல் நாள் வயிற்றைக் கழுவுவதற்கென்று ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்களே, அதுதான் தண்டனை. நெளுக்குளத்தில் மச்சாள் வீட்டில், புவனத்தின் தங்கை வீட்டில், தங்கியிருந்து அதைக் குடித்தேன். அந்த வீட்டில் அன்று வேறு ஒருவருக்கும் கக்கூஸ் கிடைக்கவில்லை.

குழாயால் ஒரு துண்டுச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கானும் எடுத்தார்கள். இரண்டு கிழமை கழித்து டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பக்கம், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவசரமில்லாமல் கதைப்பார்.

“ஐயா, இது மூலமில்லை. வலப்பக்கப் பெருங்குடலில ஒரு புற்றுநோய்க் கட்டி. கல்லீரலிலயும் ரெண்டு பொட்டு இருக்கு.”

பயந்தேன். சண்டைக்குள் லொறி ஓடியவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான்தான். புவனம் அழவில்லை. “இனி என்ன செய்யோணும் டொக்டர்?” என்று மட்டும் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு தோடம்பழத்தை உரித்து, விதையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சுளைசுளையாக என் வாயில் வைத்தாள். கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததில்லை. அப்போதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

கிள்ளிய சதையை டொக்டர் இன்னொரு சோதனைக்கும் அனுப்பியிருந்தார். அது என்னவென்று அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உடம்பின் கலங்கள் இரண்டாகப் பிரியும்போது தம்மிடமுள்ள மரபணு எழுத்தையெல்லாம் பிரதி பண்ணும். பிரதியில் பிழை வந்தால் திருத்துவதற்கு நாலு வகைத் திருத்துநர் உண்டு. என் கட்டிக்குள் அதில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அதனால் கட்டி முழுக்க எழுத்துப் பிழை. பிழை கூடக் கூட, உடம்பின் காவற்காரருக்கு அது அந்நிய ஆளாகத் தெரிய வாய்ப்பும் கூட. அப்படியான கட்டிக்குத்தான் புதிதாக வந்த ஒரு மருந்து கேட்கும், எல்லாருக்கும் கேட்காது. பெருங்குடல் புற்றுநோய்க்காரரில் கொஞ்சப் பேருக்குத்தான் இந்தச் சோதனை இப்படி வருமாம். இது குடும்பத்தில் வழிவழியாக வரவும் கூடும் என்றார். என் அண்ணர் நாற்பத்திரண்டு வயதில் ‘வயிற்றுக் கட்டி’ என்று செத்துப்போனவர். அன்று இதெல்லாம் ஆருக்குத் தெரியும்? மகளைக் கமராச் சோதனைக்கு அனுப்பினோம். அவள் என்னைத் திட்டிக்கொண்டே போய், ஒன்றுமில்லை என்ற கடிதத்தோடு வந்தாள்.

“உங்களுக்குத் தரப்போறது செக்பொயின்ற் மருந்து, ஐயா.”

“எந்தச் செக்பொயின்ற் டொக்டர்?”

அவர் சிரித்துவிட்டார். “உடம்புக்குள்ள இருக்கிற செக்பொயின்ற். எங்கட காவற்காரர் ஒவ்வொரு கலத்தையும் மறிச்சுப் பாக்கினம். உங்கட கட்டி ஒரு பாஸைக் காட்டி, ‘நான் உங்கட ஆள்தான்’ எண்டு சொல்லித் தப்பிப் போகுது. இந்த மருந்து அந்தப் பாஸ் செல்லாமப் பண்ணும். பிறகு காவற்காரர் பிடிப்பினம்.”

“அப்ப கள்ளப் பாஸ்.”

“ஓம், கள்ளப் பாஸ்தான்.”

வன்னியானுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நோய் எதிர்ப்புச் சிகிச்சை, இமியூனோதெரபி என்று பெரிய பெயரெல்லாம் உண்டு. எனக்கு அன்றிலிருந்து அது கள்ளப் பாஸ் பிடிக்கிற மருந்து.

டொக்டர் இன்னொன்றும் சொன்னார். காவற்காரரை இப்படி அவிழ்த்துவிட்டால் சிலவேளை அவர்கள் நல்ல சனத்துக்கும் அடிப்பார்கள். குடலுக்கு, நுரையீரலுக்கு, தோலுக்கு. ஆகவே உடம்பில் என்ன சின்ன மாற்றம் என்றாலும் உடனே சொல்லவேண்டும். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

மருந்தின் விலையைக் கேட்டேன். லொறியை விற்றாலும் இரண்டு ஊசிதான் வரும். ஆஸ்பத்திரியே மேலிடத்துக்கு எழுதி, ஐந்து கிழமை காத்திருந்து, அனுமதி எடுத்துத் தந்தது. முதல் நாள் புவனம் தோளில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு வந்தாள். அதற்குள் என் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், குடும்ப அட்டை, இடம்பெயர்ந்த காலத்துப் பதிவுத் துண்டுகூட இருந்தது. டொக்டர் கதைத்தபோது வாசற்பக்கம் இருந்தவள் காதில் செக்பொயின்ற் என்ற சொல் மட்டும்தான் விழுந்திருக்கிறது. மருந்து ஏற்றுகிற நேர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கும்மா கொண்டு வந்தீங்க?” என்று கேட்டார். அவரது தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்து குடியேறியவர்கள், அந்தப் பேச்சு அவரிடம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு சின்ன அட்டையை நீட்டினார். “இதையும் அந்தப் பையில வைங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைத்தான் முதல்ல காட்டணும்.” நான் இன்ன மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது.

மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து. ஒரு சாய்மனைக் கதிரை, கையில் சேலைன் ஊசி, அரை மணித்தியாலம். தலைமயிர் கொட்டவில்லை, சத்தி எடுக்கவில்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்றிருந்தது. ஆனால் கதிரையில் ஏறுவதற்கு முதல் நேர்ஸின் மேசையைக் கடக்கவேண்டும். அவர் கையில் ஒரு தாள், தாளில் ஏழு கேள்வி. காய்ச்சல் இருக்கா? இருமல், மூச்சு இழுப்பு? வயித்தால போகுதா? வயித்துநோ, ரத்தம்? தோல்ல கடி, அரிப்பு? தலையிடி, கண் மங்கல்? உடம்பு அசதி? குனிந்து எழுதிக்கொண்டே கேட்பார். ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டால் என் வாய்க்கு என்னைக் கேட்கத் தேவையில்லை. இல்லை, இல்லை, இல்லை. முதல் மூன்று தரமும் அது உண்மையாகவும் இருந்தது.

மூன்றாம் முறை போனபோது எனக்கு முன்னால் ஒருவர். கேள்விக்குக் காய்ச்சல் இருக்கிறது என்றார். “இன்னிக்கு மருந்து இல்லைங்கய்யா, டொக்டரைப் பாத்துட்டுப் போங்க,” என்று அவரை அனுப்பினார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்பின லொறி! தக்காளி மணம் எனக்கு மூக்கில் அடித்தது.

அதற்கு அடுத்த கிழமைதான் எனக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. முதலில் நாலு தரம், பிறகு ஆறு, பிறகு எட்டு. ஆனால் சாப்பாடு ருசித்தது, இரத்தம் ஏறியிருந்தது, பெல்ற்றில் ஒரு ஓட்டை முன்னுக்கு வந்திருந்தேன். மருந்து வேலை செய்கிறது என்று உடம்பே சொன்னது. இப்போது போய் ஓம் என்று சொல்லி, மருந்தை நிறுத்திவிட்டால்? அந்த ஒரு பயம்தான். புவனம் கேட்டாள், அவளுக்கும் இல்லை என்றேன்.

நாலாம் முறை பஸ் ஓமந்தையைத் தாண்டும்போது வழக்கம்போல யன்னலால் எட்டிப் பார்த்தேன். பெரிய சாவடி இருந்த இடம் அது. ஊரின் பெயரிலேயே ஓம் இருக்கிறது, ஆனால் நான் அங்கே ஒருநாளும் ஓம் சொன்னதில்லை என்று புவனத்துக்குப் பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. நேர்ஸ் கேட்டார், “வயித்தால போகுதாங்கய்யா?”

“இல்லை மிஸ்.”

எழுதிக்கொண்டார். மருந்து ஏறியது. வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணியிருக்கும், கக்கூஸிலிருந்து வந்தவன் கிணற்றடியில் விழுந்தேன். சாரத்தில் இரத்தம். புவனம் கத்தியதில் முன்வீட்டுப் பெடியன் ஓட்டோவோடு வந்தான். மாவட்ட ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் சாப்பாடு பிழைத்ததா, தண்ணீர் பிழைத்ததா என்று கேட்கத் தொடங்கவே, புவனம் தோள் பையைத் திறந்தாள். அடையாள அட்டைக்கும் கலியாணப் பத்திரத்துக்கும் நடுவிலிருந்து அந்தச் சின்ன அட்டையை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. நின்ற நிலையிலேயே வவுனியாவுக்குப் போன் எடுத்தார். ஸ்டீரொய்ட் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, அம்புலன்சில் அனுப்பினார்கள்.

வவுனியா வாட்டில் மறுநாள் டொக்டர் கட்டிலடியில் வந்து நின்றார். நாலாம் முறை தாள் அவர் கையில் இருந்தது.

“ஐயா, இதில இல்லை எண்டு இருக்கு. எத்தினை நாளாப் போகுது?”

“ஒரு... ரெண்டு நாள்...”

“பதினேழு நாள்,” என்றாள் புவனம். “எட்டுத்தரம், ஒம்பதுதரம். கக்கூஸ் பைப் திறக்கிற சத்தத்தை வைச்சு நான் எண்ணினனான். கேட்டா இல்லையாம். ஆமிக்குச் சொன்ன மாதிரி எல்லாருக்கும் இல்லை, இல்லை, இல்லை!” அப்போதுதான் அவள் அழுதாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, வாட்டே பார்க்க அழுதாள். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

டொக்டர் அவளைக் கதிரையில் இருத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “ஏன் ஐயா?”

“சொன்னா மருந்தை நிப்பாட்டிப் போடுவியள் எண்டு...”

“நிப்பாட்டித்தான் இருப்பன். ரெண்டு மூண்டு கிழமைக்கு. குளிசையோட போயிருக்கும். இப்ப எவ்வளவு நாளோ தெரியாது.” தாளைக் கட்டிலில் வைத்தார். “கள்ளப் பாஸ் காட்டினது கட்டி மட்டுமில்லை ஐயா. நீங்களும்தான்.”

காவற்காரர் என் நல்ல குடலுக்கே அடித்திருக்கிறார்கள். குடல் முழுக்க அழற்சி, அதாவது உட்தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. அவர்களை அடக்குவதற்குத்தான் ஸ்டீரொய்ட். பதினொரு நாள் வாட்டில் கிடந்தேன். ஸ்டீரொய்ட் வயிற்றை ஆற்றியது, ஆனால் பசியைக் கிளப்பிவிட்டது. அப்படியொரு பசியை நான் கண்டதில்லை. நெளுக்குளத்திலிருந்து மச்சாள் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் இடியப்பப் பார்சலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் பொறுக்கமாட்டாமல், டொக்டரைக் கேட்டுவிட்டு, எனக்கும் சேர்த்து ஐந்து இடியப்பம் வெள்ளைச் சொதியோடு எடுப்பிக்கத் தொடங்கினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சொதியின் உப்பு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். ஸ்டீரொய்ட் குளிசையைக் கிழமைக்குக் கிழமை குறைத்துக்கொண்டு வந்தார்கள். கள்ளப் பாஸ் பிடிக்கிற மருந்து இல்லை. திரும்பத் தருவார்களா என்பதும் தெரியாது, ஸ்கான் பார்த்துத்தான் முடிவு என்றார்கள். கல்லீரலில் அந்த இரண்டு பொட்டும் திரும்ப வளருகின்றனவோ என்று கையை விலாவில் வைத்துக்கொண்டே திரிந்தேன். புவனம் ஒரு கொப்பி வாங்கி, நாளுக்கு எத்தனை தரம், என்ன நிறம் என்றெல்லாம் எழுதத் தொடங்கினாள். பைப் சத்தத்தை நம்பத் தேவையில்லாமல் நானே வந்து ஒப்புவித்தேன். முதல் இரண்டு நாள் வாய் கூசியது. பிறகு கேட்காததையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். “காணும், இதெல்லாம் ஆர் கேட்டது?” என்று அவளே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஏழாம் கிழமை ஸ்கான். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பேனையால் காட்டினார். கல்லீரலில் ஒரு பொட்டு இல்லை. மற்றது பாதியாகிவிட்டது. குடலில் இருந்ததும் சுருங்கியிருந்தது. அந்த நாலு ஊசியே அவ்வளவு வேலை பார்த்திருக்கிறது. கவனமாகத் திரும்பத் தொடங்கிப் பார்ப்போம், குடல் திரும்ப முறுகினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றார். புவனம் டொக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சந்தோசம் என்றால் அப்படியொரு சந்தோசம், மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு அதுதான்.

ஐந்தாம் ஊசிக்குப் போனோம். நேர்ஸ் தாளை எடுத்தார். ஐந்தாம் கேள்வி வந்தது, தோல்ல கடி?

“ஓம் மிஸ்,” என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சேர்ட்டைத் தூக்கி முதுகைக் காட்டினேன். டொக்டரைக் கூப்பிட்டார். டொக்டர் வந்து பார்த்து, பூசுவதற்கு ஒரு களிம்பு எழுதிவிட்டு, “பரவாயில்லை, போகலாம், மருந்தை ஏத்துங்கோ,” என்றார். நான் கொஞ்ச நேரம் எழும்பாமலே இருந்தேன்.

மருந்து கலந்து வரும்வரை வெளி வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், முல்லைத்தீவில் கடற்றொழில் செய்பவர். அவருக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். மடியில் பைலை இறுக்கிப் பிடித்திருந்தவர் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்.

“அண்ணை, உள்ள என்ன கேக்கினம்?”

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். எதிரே வருகிற லொறியை மறித்து, தலையை வெளியே நீட்டி, நாங்கள் ஒவ்வொரு நாளும் கேட்ட கேள்வி. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தால் மறுமொழியை வழியிலேயே தயார் பண்ணலாம்.

“ஏழு கேள்வி,” என்றேன்.

“என்ன சொன்னா விடுவினம்?”

“உள்ளதைச் சொல்லுங்கோ.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். “சொன்னா நிப்பாட்டிப் போடமாட்டினமோ?”

“என்னை நிப்பாட்டினவை. ஏழு கிழமை. பிறகு விட்டிட்டினம்.”

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது. காய்ச்சல் இருக்கா என்று நேர்ஸ் கேட்பது கேட்டது. நான் வாங்கின் நுனிக்கு வந்தேன். பிறகு அவர் குரல், “ஓம் மிஸ், நேற்றுப் பின்னேரத்தில இருந்து கொஞ்சம் காயுது.”

கொஞ்ச நேரத்தில் பைலோடு வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“இண்டைக்கு இல்லையாம். குளிசை தந்திருக்கினம். திங்கக்கிழமை வரட்டாம்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. நான் சொல்லித்தானே சொன்னார். புவனம்தான் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பரவாயில்லை அக்கா, மருந்து மீனில்லைத்தானே. திங்கள் வரைக்கும் பழுதாகாது.”